தேர்வு அறையில் நம் பிள்ளைகள் ஏன் காப்பி அடிக்கிறார்கள்?



எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாகட்டுமாக!

கண்ணியத்திற்குரிய அல்லாஹ்வின் நல்லடியார்களே! அன்பான மாணவச் செல்வங்களே!

பொதுத் தேர்வு நெருங்கிவிட்டது. வீடுகளில் டிவி சத்தம் குறைந்திருக்கிறது. தாய்மார்கள் தஹஜ்ஜுதில் எழுந்து பிள்ளைகளுக்காக துஆ கேட்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் இந்த நேரத்தில் படிப்பின் சிறப்பைப் பற்றிப் பேசுவது நம் வழக்கம். இந்த ஜும்ஆவில் நாம் பேசத் தயங்குகிற ஒன்றைப் பேச வேண்டியிருக்கிறது. நம் பிள்ளைகள் பிட் அடிக்கிறார்கள். பக்கத்துப் பையனின் பேப்பரைப் பார்த்து எழுதுகிறார்கள். அது தவறு என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் ஏன் செய்கிறார்கள்?

ஃபஜ்ருக்குப் பிறகு வந்த மாணவர்

சில வாரங்களுக்கு முன் ஃபஜ்ர் தொழுகை முடிந்து எல்லோரும் போன பிறகு ஒரு மாணவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். பிளஸ் டூ படிப்பவர். அவருடைய அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். அவர் யார், எந்தப் பள்ளி என்று யாரும் தேட வேண்டாம். சகோதரரின் குறையைத் துருவுவது நமக்குத் தடுக்கப்பட்டது.

அரையாண்டுத் தேர்வில், ஸ்கேலின் பின்புறத்தில் பென்சிலால் சூத்திரங்களை எழுதி எடுத்துப் போயிருக்கிறார். அறையில் இருந்த ஆசிரியர் பார்த்துவிட்டார். தலைமை ஆசிரியர் தந்தையை வரவழைத்தார். எச்சரித்து விட்டுவிட்டார்கள். ஆனால் அன்றிலிருந்து தந்தை வீட்டில் பேசுவதில்லை.

நான் அவரிடம், "உனக்கு இது ஹராம் என்று தெரியாதா?" என்று கேட்டேன். அவர் சொன்ன பதில் இன்னும் என் நெஞ்சை விட்டு நீங்கவில்லை.

"தெரியும் ஹஜ்ரத். ஆனா மார்க் குறைஞ்சா அத்தா பேச மாட்டாங்கன்னும் தெரியும். பத்தாவதுல எல்லார் முன்னாடியும் நீங்கதானே எனக்கு ஷீல்டு கொடுத்தீங்க? அந்தப் பையன் பெயிலாயிட்டான்னு ஊர் பேசினா நான் எங்க போவேன்?"

ஆம் சகோதரர்களே! இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே பள்ளிவாசலில் நம் ஜமாஅத் நடத்திய பரிசளிப்பில், இதே மிம்பருக்கு அருகில் நின்று அந்தப் பிள்ளையின் தலையில் கை வைத்து, "இவன் நம் ஊரின் பெருமை" என்று சொன்னவன் நான்தான். அன்றிலிருந்து அவர் அந்த ஷீல்டைத் தலையில் சுமந்துகொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியாது. அதனால்தான் இந்த உரையை மாணவர்களைக் கண்டிக்கும் உரையாக மட்டும் அமைக்க எனக்கு மனம் வரவில்லை.

கெட்ட பிள்ளைகள் மட்டுமா?

காப்பி அடிப்பவன் கெட்டவன், அடிக்காதவன் நல்லவன் என்று நாம் எளிதாகப் பிரித்துவிடுகிறோம். உண்மை அவ்வளவு எளிதாக இல்லை.

அமெரிக்காவில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த டொனால்ட் மெக்கேப் பல ஆண்டுகள் இதையே ஆராய்ந்தவர். அவர் கேள்வி கேட்ட 70,000-க்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் 64 சதவீதம் பேர் தேர்வில் ஏமாற்றியதாகத் தாங்களே ஒப்புக்கொண்டார்கள். நம் நாட்டில் 2015-ஆம் ஆண்டு பீகாரின் வைஷாலி மாவட்டத்தில் மெட்ரிக் தேர்வு நடந்தபோது, பள்ளிக் கட்டடத்தின் சுவரில் உறவினர்கள் ஏறி நின்று ஜன்னல் வழியாகப் பிட் கொடுத்த படம் உலகம் முழுவதும் பரவியது. இத்தனை பேரும் பிறவியிலேயே மோசடிக்காரர்கள் என்று சொல்ல முடியுமா?

இன்னும் பழைய ஓர் ஆய்வு உண்டு. 1928-ல் ஹார்ட்ஷோர்ன், மே என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், ஏறத்தாழ 11,000 பள்ளிப் பிள்ளைகளைப் பல சூழ்நிலைகளில் வைத்துச் சோதித்தார்கள். தேர்வில், விளையாட்டில், வீட்டு வேலையில் எங்கே ஏமாற்றுகிறார்கள் என்று பார்த்தார்கள். ஓர் இடத்தில் நேர்மையாக இருந்த பிள்ளை இன்னோர் இடத்தில் ஏமாற்றியது. ஏமாற்றுவது தவறு என்று வாயால் சரியாகச் சொன்ன பிள்ளைகளும் வாய்ப்புக் கிடைத்தபோது ஏமாற்றினார்கள்.

இதற்கு நம் வீட்டிலேயே உதாரணம் இருக்கிறது. ரமலானில் பத்து வயதுப் பிள்ளை நோன்பு வைக்கிறது. கடும் வெயில். ஒளு செய்யும்போது வாயில் தண்ணீர் இருக்கிறது. யாரும் பார்க்கவில்லை. ஒரு மிடறு விழுங்கினால் யாருக்கும் தெரியாது. ஆனால் விழுங்குவதில்லை. ஏன்? அல்லாஹ் பார்க்கிறான் என்று தெரியும். அதே பிள்ளை பதினைந்து வயதில், மேற்பார்வையாளர் கதவுப் பக்கம் திரும்பியதும் பக்கத்துப் பேப்பரைப் பார்க்கிறது. நோன்பில் இருந்த அல்லாஹ் தேர்வு அறையில் இல்லையா? நஊது பில்லாஹ். அல்லாஹ் இருக்கிறான். ஆனால் நோன்பை அல்லாஹ்வோடு சேர்த்துக் கற்றுக்கொடுத்த நாம், மார்க்கை ஊரோடும் உறவோடும் சேர்த்துக் கற்றுக்கொடுத்துவிட்டோம். நோன்பில் பிள்ளை அல்லாஹ்வைப் பார்க்கிறது. தேர்வில் நம் முகத்தைப் பார்க்கிறது.

முதல் காரணம்: அச்சம்

படிக்காத சோம்பேறிதான் பிட் அடிப்பான் என்று நினைக்கிறோம். நன்றாகப் படிக்கும் பிள்ளையும் அடிக்கிறது, இருக்கும் இடத்தை இழந்துவிடுவோமோ என்ற பயத்தில். தொண்ணூற்றைந்து எடுத்தவனுக்குத் தொண்ணூறு எடுத்தாலும் வீட்டில் துக்கம்தான். "மீதி அஞ்சு மார்க் எங்கே போச்சு?" என்ற கேள்விதான் அவனை வரவேற்கிறது.

பயம் முற்றும்போது மனம் குறுகிவிடுகிறது. நாளை என்ன ஆகும், மறுமையில் என்ன ஆகும் என்ற யோசனை மங்கிப்போய், இந்த மூன்று மணி நேரத்தை எப்படித் தாண்டுவது என்பது மட்டுமே கண்ணுக்குத் தெரிகிறது. அந்தப் பிள்ளைக்கு அந்த நேரத்தில் ஏமாற்றுவது லாபமாகத் தெரிவதில்லை, தப்பிக்கும் ஒரே கதவாகத் தெரிகிறது. மற்றக் கதவுகளை அடைத்தது யார் என்று பெற்றோராகிய நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது காரணம்: தவறான பாராட்டு

பயத்தைப் போலவே புகழும் பிள்ளையைக் கெடுக்கும். 1998-ல் கிளாடியா முல்லர், கரோல் ட்வெக் என்ற இரு உளவியலாளர்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு ஒன்றைச் சொல்கிறேன். எல்லோருக்கும் ஒரே மாதிரிப் புதிர்களைக் கொடுத்தார்கள். ஒரு பிரிவினரிடம், "நீ மிகவும் புத்திசாலி" என்று பாராட்டினார்கள். இன்னொரு பிரிவினரிடம், "நீ நன்றாக உழைத்திருக்கிறாய்" என்று பாராட்டினார்கள். பிறகு கடினமான புதிர்கள் வந்தன. எல்லோரும் தடுமாறினார்கள். கடைசியில், வேறு பள்ளிப் பிள்ளைகளுக்கு உங்கள் மதிப்பெண்ணை எழுதி அனுப்புங்கள் என்றார்கள். உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்களில் 13 சதவீதம் பேர் மதிப்பெண்ணைக் கூட்டிச் சொன்னார்கள். புத்திசாலி என்று பாராட்டப்பட்டவர்களில் 38 சதவீதம் பேர் அப்படிச் செய்தார்கள்.

அவர்கள் யாருக்கு எழுதினார்கள் என்று பாருங்கள். முகம் தெரியாத பிள்ளைகளுக்கு! பரிசு கிடையாது, அடி கிடையாது. "புத்திசாலி" என்ற பட்டம் போய்விடக் கூடாது, அவ்வளவுதான்.

உழைப்பு பிள்ளையின் கையில் இருக்கிறது. இன்று குறைந்தால் நாளை கூட்டலாம். "புத்திசாலி", "ஊரின் பெருமை" என்ற பட்டம் அவன் கையில் இல்லை. அதைக் காப்பாற்ற அவனுக்குத் தெரிந்த வழி, குறையை மறைப்பதுதான். நான் கொடுத்த ஷீல்டும் அந்த வேலையைத்தான் செய்தது.

தமிழக அரசு 2017-ஆம் ஆண்டு பொதுத் தேர்வு முடிவுகளில் மாநில அளவில் முதல் மூன்று இடங்களை அறிவிப்பதை நிறுத்தியது. மாணவர்களிடையே வீணான போட்டியும் மன அழுத்தமும் வேண்டாம் என்பதற்காக. அரசு நிறுத்தியதை நாம் ஜமாஅத் மேடையில் இன்னும் நடத்திக்கொண்டிருக்கிறோம்.

மூன்றாவது காரணம்: நஃப்ஸ் சொல்லும் சமாதானம்

தவறு என்று தெரிந்ததைச் செய்யும்போது உள்ளம் உறுத்தும். அந்த உறுத்தலை அடக்க நஃப்ஸ் சமாதானம் சொல்லும். யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றில் குர்ஆன் இதைப் படம் பிடித்துக் காட்டுகிறது. சகோதரர்கள் சதி செய்யும்போது, காரியத்தை முடித்துவிட்டால் அதற்குப் பிறகு நல்லவர்களாக ஆகிவிடலாம் என்று பேசிக்கொண்டார்கள் (12:9). "இந்த ஒரு தடவை மட்டும், அடுத்த பரீட்சையிலிருந்து ஒழுங்காப் படிக்கிறேன்" என்று மாணவன் சொல்வது இதே பேச்சுத்தான். பொய் இரத்தம் தோய்ந்த சட்டையோடு அவர்கள் வந்து நின்றபோது, உங்கள் மனங்கள் இதை உங்களுக்கு அழகாக்கிக் காட்டிவிட்டன என்ற கருத்தில் யஃகூப் (அலை) அவர்கள் பதில் சொன்னார்கள் (12:18). தவறைத் தவறாகவே பார்த்துக்கொண்டு செய்வது மனிதனுக்குக் கடினம். முதலில் அதை அழகாக்கிக்கொள்கிறான், பிறகு செய்கிறான்.

1957-ல் சைக்ஸ், மட்ஸா என்ற சமூகவியல் அறிஞர்கள், தவறு செய்யும் இளைஞர்கள் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொள்ளும் சமாதானங்களை ஐந்தாகப் பிரித்தார்கள். அவற்றை நம் மாணவர்களின் பேச்சிலேயே கேட்கலாம்.

ஒன்று, பொறுப்பைத் தள்ளிவிடுவது: "சார் பாடமே நடத்தல, நான் என்ன செய்ய?" சார் நடத்தாதது சாரின் கணக்கில் எழுதப்படும். பிட் எடுத்துப் போனது உன் கணக்கில் எழுதப்படும்.

இரண்டு, நஷ்டத்தை மறுப்பது: "இதனால யாருக்கு என்ன நஷ்டம்?" பொறியியல் கலந்தாய்வில் 200-க்குக் கணக்கிடும் கட்-ஆப்பில் அரை மதிப்பெண்ணுக்குள் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். நீ திருடிய மதிப்பெண், விடிய விடியப் படித்த ஒரு ஏழைப் பிள்ளையைப் பின்னுக்குத் தள்ளுகிறது. அந்தப் பிள்ளையின் முகம் உனக்குத் தெரியாது. அல்லாஹ்வுக்குத் தெரியும். மறுமையில் அந்தப் பிள்ளையின் ஹக்கு உன்னிடம் கேட்கப்படும்.

மூன்று, எதிராளிக்கு இது வேண்டியதுதான் என்பது: "அந்த டீச்சர் வேணும்னே கஷ்டமாக் கேட்டாங்க."

நான்கு, கண்டிப்பவரைக் குறை சொல்வது: "பெரியவங்க மட்டும் லஞ்சம் வாங்கலையா?" இதற்கு நம்மிடம் உடனே பதில் இல்லை என்பதுதான் வேதனை.

ஐந்து, பாசத்தைக் காரணம் காட்டுவது: "என் உயிர் நண்பன். பேப்பரைக் காட்டலன்னா துரோகி ஆயிடுவேன்." நல்ல பிள்ளைகள் பலர் விழும் இடம் இதுதான். உதவி செய்யும் எண்ணம் உயர்ந்தது. ஆனால் நன்மையிலும் இறையச்சத்திலும் உதவிக்கொள்ளும்படி கட்டளையிட்ட இறைவன், பாவத்தில் உதவுவதைத் தடுத்திருக்கிறான் (5:2). தேர்வுக்கு முந்தைய மாதம் நண்பனோடு உட்கார்ந்து கணக்குச் சொல்லிக்கொடு, அது உதவி. தேர்வு அறையில் பேப்பரைச் சாய்த்து வைப்பது, படிக்காமலேயே தப்பிக்கலாம் என்று அவனுக்குக் கற்றுக்கொடுப்பது.

நான்காவது காரணம்: நாம்

அப்துல்லாஹ் பின் ஆமிர் (ரலி) சிறுவராக இருந்தபோது, அவர்களுடைய தாயார், "இங்கே வா, உனக்கு ஒன்று தருகிறேன்" என்று அழைத்தார்கள். அங்கிருந்த நபி (ஸல்) அவர்கள், என்ன கொடுக்கப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்று தாய் சொன்னார்கள். எதுவும் கொடுக்காமல் இருந்திருந்தால் அது உங்கள் மீது ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்ற கருத்தில் நபியவர்கள் எச்சரித்தார்கள் (நூல்: அபூதாவூத்). குழந்தையைக் கூப்பிடுவதற்குச் சொல்லும் சின்னப் பொய்க்கே இந்த எச்சரிக்கை!

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? கடன்காரர் வந்தால் "அத்தா வீட்ல இல்லன்னு சொல்லு" என்று பிள்ளையையே அனுப்புகிறோம். பள்ளியின் புராஜெக்டைக் காசு கொடுத்துக் கடையில் செய்து வாங்கி, பிள்ளையின் பெயரை எழுதி அனுப்புகிறோம். அரை டிக்கெட்டுக்காக வயதைக் குறைத்துச் சொல்லச் சொல்கிறோம். பிள்ளை எல்லாவற்றையும் பார்க்கிறது. "காரியம் ஆகணும்னா இப்படித்தான் செய்யணும் போல" என்று பாடம் படித்துக்கொள்கிறது. இதுவே வளர்ந்தால் எங்கே போய் நிற்கும்? 2019-ல் தமிழகத்தில் நீட் ஆள்மாறாட்டப் புகார் வெளிவந்தபோது, மாணவர்களோடு சேர்ந்து பெற்றோரும் கைது செய்யப்பட்டதை நாம் செய்தியில் பார்த்தோம்.

அளவையில் மோசடி: ஓர் அத்தியாயம்

குர்ஆனின் 83-ஆவது அத்தியாயத்திற்கே மோசடிக்காரர்களின் பெயர்தான்: அல்முதஃப்பிஃபீன். மக்களிடம் வாங்கும்போது நிறைவாக அளந்து வாங்குவார்கள், கொடுக்கும்போது குறைப்பார்கள் என்று அவர்களின் குணத்தைச் சொல்கிறது. இது வியாபாரிக்கு மட்டும் சொன்னதா? தராசு எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் இது பொருந்தும். தேர்வும் ஒரு தராசுதான். ஒரு தட்டில் உழைப்பு, மறு தட்டில் மதிப்பெண். உழைப்பைக் குறைவாக வைத்து மதிப்பெண்ணை நிறைவாகக் கேட்பவன் அளவையில் மோசடி செய்கிறான்.

அடுத்து அந்த அத்தியாயம் நோயின் வேரைச் சொல்கிறது. மகத்தான ஒரு நாளில் எழுப்பப்படுவோம் என்று இவர்கள் எண்ணவில்லையா என்று கேட்கிறது. பறக்கும் படை வரும் என்ற எண்ணம் இருக்கிறது, கேமரா இருக்கிறது என்ற எண்ணம் இருக்கிறது. இந்த எண்ணம்தான் இல்லை.

அதே அத்தியாயத்தின் 14-ஆவது வசனம், அவர்கள் செய்தவை அவர்களின் உள்ளங்களில் துருவாகப் படிந்துவிட்டதைச் சொல்கிறது. இதை நபி (ஸல்) அவர்கள் விளக்கும்போது, அடியான் ஒரு பாவம் செய்தால் உள்ளத்தில் ஒரு கரும்புள்ளி விழுகிறது, விலகித் தவ்பா செய்தால் அது துடைக்கப்படுகிறது, மீண்டும் செய்தால் பெருகி உள்ளத்தையே மூடிவிடுகிறது என்று சொன்னார்கள் (நூல்: திர்மிதி). 2016-ல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள், பொய் சொல்பவர்களின் மூளையைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். முதல் பொய்யில் உணர்ச்சியோடு தொடர்புடைய பகுதி நன்றாக வேலை செய்தது. பொய் தொடரத் தொடர அந்தத் துடிப்பு குறைந்தது, பொய்யின் அளவு கூடியது. முதல் பிட்டில் கை நடுங்கும். பத்தாவது பிட்டில் நடுங்காது. கை நடுங்கும்போதே திரும்பிவிடு தம்பி! அந்த நடுக்கம் அல்லாஹ் உனக்குக் கொடுத்த ரஹ்மத்.

ஒருமுறை நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். மேலே காய்ந்திருந்தது, உள்ளே ஈரம். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. அந்த ஈரத்தை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்றார்கள் (நூல்: முஸ்லிம்). நனைந்தது அவருடைய குற்றமல்ல, மழை பெய்தது. மறைத்ததுதான் குற்றம். மதிப்பெண் குறைவது குற்றமல்ல பிள்ளைகளே! அதை மறைக்கக் காய்ந்த தானியத்தைத் திருடி மேலே பரப்புவதுதான் குற்றம். பெற்றோருக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. ஈரத்தை மேலே வைத்தால் அடிதான் கிடைக்கும் என்று ஆக்கிவிட்டால், எந்தப் பிள்ளையும் அதை மேலே வைக்காது.

கஅப் (ரலி) அவர்களிடம் இருந்து ஒரு பாடம்

ஹிஜ்ரி 9-ஆம் ஆண்டு, தபூக் போர். கஅப் பின் மாலிக் (ரலி) அவர்களுக்கு உடல் பலமும் வசதியும் நிறைவாக இருந்தன. எல்லோரும் பயணத்துக்குத் தயாரானார்கள். இவர்களும் தயாராகப் போவார்கள், எதுவும் செய்யாமல் திரும்பி வருவார்கள். நினைத்தால் முடித்துவிடலாம் என்று நாளைத் தள்ளினார்கள். படை புறப்பட்டுப் போய்விட்டது. "அடுத்த வாரம் ஆரம்பிக்கலாம்" என்று சொல்லிச் சொல்லியே தேர்வு வந்துவிடும் மாணவனுக்கு இது புரியும்.

நபி (ஸல்) அவர்கள் திரும்பி வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், என்ன பொய் சொல்லித் தப்பிப்பது என்று யோசித்ததாகக் கஅப் (ரலி) அவர்களே சொல்கிறார்கள். வீட்டாரிடம் ஆலோசனையும் கேட்டார்கள். எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் வந்து சத்தியம் செய்து சாக்குச் சொன்னார்கள். நபியவர்கள் அவற்றை ஏற்றுக்கொண்டு, உள்ளத்தை அல்லாஹ்விடம் விட்டுவிட்டார்கள். கஅப் (ரலி) பேச்சுத் திறமை மிக்கவர்கள். அவர்களாலும் தப்பித்திருக்க முடியும். ஆனால் நபியவர்கள் முன் உட்கார்ந்ததும், எனக்கு எந்தக் காரணமும் இல்லை என்று உண்மையைச் சொன்னார்கள்.

அதற்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. ஐம்பது நாட்கள் யாரும் பேசவில்லை. சலாத்துக்குப் பதில் இல்லை. பரந்த பூமி நெருக்கமாகிவிட்டது. பொய் சொன்னவர்கள் நிம்மதியாக ஊரில் திரிந்தார்கள். ஐம்பதாம் நாள் காலையில், தவ்பா ஏற்கப்பட்ட நற்செய்தி வந்தது. அந்தச் செய்தி குர்ஆன் வசனமாகவே இறங்கியது (9:118). அடுத்த வசனத்திலேயே, உண்மையாளர்களோடு இருக்கும்படி இறைநம்பிக்கையாளர்களுக்குக் கட்டளை வந்தது.

இதில் பெற்றோர் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. கஅப் (ரலி) பள்ளிவாசலுக்குள் வந்தபோது தல்ஹா பின் உபைதுல்லாஹ் (ரலி) எழுந்து ஓடிவந்து கைகொடுத்து வாழ்த்தினார்கள். அதை நான் என்றும் மறக்க மாட்டேன் என்று கஅப் (ரலி) பிற்காலத்தில் சொன்னார்கள். நம் பிள்ளை, "அத்தா, நான் படிக்கல. மார்க் கம்மியா வரும்" என்று உண்மையைச் சொல்லி நிற்கும்போது, எழுந்து போய்க் கைகொடுக்க நம் வீட்டில் ஒரு தல்ஹா இருக்கிறாரா?

என்ன செய்வது?

மாணவச் செல்வங்களே! பாவம் என்பது நெஞ்சில் உறுத்துவதும், மக்களுக்குத் தெரிவதை நீ வெறுப்பதும்தான் என்பது நபிமொழியின் கருத்து (நூல்: முஸ்லிம்). பாக்கெட்டில் ஒரு தாளை வைக்கும் முன் இந்த உரைகல்லில் உரசிப் பார். அந்தத் தாளை எழுதும் நேரத்தில் அந்தப் பக்கத்தையே இரண்டு முறை எழுதிப் பார்த்தால் மனதில் நிற்கும். நண்பனிடம் தேர்வுக்கு முதல் நாளே, "ஹாலில் என்னிடம் கேட்காதே, இப்போது கேள்" என்று சொல்லிவிடு. ஏற்கனவே செய்திருந்தால், தவ்பாவின் கதவு திறந்திருக்கிறது. இனி செய்வதில்லை என்று உறுதி எடு. உன் பாவத்தை ஊரில் சொல்லித் திரிய வேண்டியதில்லை.

தோற்றால் உலகம் முடிந்துவிடாது. சில வாரங்களில் துணைத் தேர்வு இருக்கிறது. அதே ஆண்டில் கல்லூரிக்கும் போகலாம். மனம் மிகவும் கலங்கினால், வாழ்வே வேண்டாம் என்று ஓர் எண்ணம் தலைகாட்டினால், தனியாக இருக்காதே. வீட்டில் ஒருவரிடம் சொல். என்னிடம் வா. 104 அல்லது 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் பேசு. உன் உயிர் அல்லாஹ்வின் அமானிதம். எந்த மதிப்பெண்ணும் அதற்கு ஈடாகாது.

பெற்றோர்களே! "எத்தனை மார்க்?" என்று கேட்கும் முன் "எது கஷ்டமா இருந்துச்சு?" என்று கேளுங்கள். மற்றப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். உண்மையைச் சொல்லும் பிள்ளைக்கும் பொய் சொல்லிப் பிடிபடும் பிள்ளைக்கும் ஒரே தண்டனை கொடுக்காதீர்கள். அப்படிக் கொடுத்தால் உண்மைக்கு வீட்டில் மதிப்பே இல்லை என்று நாமே கற்பித்ததாகிவிடும்.

ஆசிரியர்களே! பள்ளியின் தேர்ச்சி சதவீதத்துக்காகக் கண்ணை மூடிக்கொள்வதும் மோசடிதான். வகுப்பில் மதிப்பெண்ணையே பெரிதாகப் பேசும்போது ஏமாற்று கூடுவதையும், பாடத்தைப் புரிந்துகொள்வதைப் பெரிதாகப் பேசும்போது குறைவதையும் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். வகுப்பில் நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தைக்கு அந்த வலிமை இருக்கிறது.

ஜமாஅத் நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள் வைத்தேன். அல்ஹம்துலில்லாஹ், ஏற்றுக்கொண்டார்கள். இந்த ஆண்டு முதல் மூன்று மதிப்பெண்களுக்கு மட்டும் ஷீல்டு கொடுக்கும் நிகழ்ச்சி இருக்காது. தேர்வு எழுதிய எல்லாப் பிள்ளைகளையும் அழைப்போம். துணைத் தேர்வு எழுதப் போகும் பிள்ளைகளும் வருவார்கள். அவர்களுக்கு அஸருக்குப் பின் பள்ளிவாசல் மாடியில் இலவச வகுப்பு நடக்கும். சொல்லிக்கொடுக்க மூன்று பட்டதாரி இளைஞர்கள் முன்வந்திருக்கிறார்கள்.

அந்த மாணவரின் தந்தையிடமும் பேசினேன். அவர் தலையைக் குனிந்து, "ஹஜ்ரத், அவன் காப்பி அடிச்சது கூட எனக்குப் பெரிசாத் தெரியல. என்கிட்ட சொல்லப் பயந்தான் பாருங்க, அதுதான் தாங்கல" என்றார். "அதை அவனிடம் சொன்னீர்களா?" என்று கேட்டேன். இல்லை என்றார். அன்று இஷாவுக்கு இருவரும் சேர்ந்து வந்தார்கள். மாதிரித் தேர்வில் கணிதத்தில் அந்த மாணவருக்கு 61 மதிப்பெண். பத்தாம் வகுப்பு ஷீல்டுக்குப் பொருந்தாத மதிப்பெண்தான். ஆனால் பேப்பரைக் கொண்டுவந்து என்னிடம் காட்டி, "இது முழுக்க என்னுடையது ஹஜ்ரத்" என்றார். நான் எழுந்து கைகொடுத்தேன்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தந்தருள்வாயாக! தேர்வு அறையிலும் தனிமையிலும் உன்னை நினைக்கும் உள்ளத்தை அவர்களுக்குத் தருவாயாக! அவர்கள் உண்மையைச் சொல்ல அஞ்சாத வீடுகளாக எங்கள் வீடுகளை ஆக்குவாயாக! எங்கள் பேராசையால் அவர்கள் மீது ஏற்றிய சுமைகளுக்காக எங்களை மன்னிப்பாயாக! தேர்வு எழுதும் எல்லாப் பிள்ளைகளுக்கும், எந்த மதத்துப் பிள்ளையாக இருந்தாலும், அவர்களின் உழைப்புக்கேற்ற பலனைக் கொடுப்பாயாக!

ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.